ஹாம்பர்கருக்காக மயங்கி விழுந்தவன்

டக்ளஸ் ஆடம்ஸின் ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’யைப் போன வாரம் மறுபடியும் படித்தேன். கல்லூரி நாட்களில் படித்தபோது விடுதி அறையில் விழுந்து விழுந்து சிரித்த விண்வெளி நகைச்சுவை நாவல். இந்த முறையும் சிரித்தேன். ஆனால் ஒரு பக்கத்தில் அழுகை வந்து புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைக்கிறேன். கதையை மறைக்காமல் பேசுவேன், படிக்காதவர்கள் கவனிக்கவும்.

ஆர்தர் டென்ட் என்ற சாதாரண ஆங்கிலேயன், ஒரு வியாழக்கிழமை காலையில் தன் வீட்டை இடிக்க வந்த புல்டோசருக்கு முன்னால் சேற்றில் படுத்துக் கிடக்கிறான். அந்த வழியாக புறவழிச்சாலை வருகிறதாம். திட்ட வரைபடத்தை இத்தனை மாதமாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தோமே என்கிறார் அதிகாரி. வைத்திருந்த இடம் எது தெரியுமா? நிலவறையில், யாரும் பயன்படுத்தாத கழிப்பறைக்குள், பூட்டிய அலமாரியின் அடித்தட்டில். கதவில் ‘சிறுத்தை ஜாக்கிரதை’ என்று பலகை வேறு. அன்றைக்கே வோகன்கள் என்ற வேற்றுக்கிரகத்து அதிகாரவர்க்கம் மஞ்சள் நிறக் கப்பல்களில் வானத்தில் வந்து நிற்கிறது. விண்வெளிப் புறவழிச்சாலைக்காக பூமியையே இடிக்கப் போகிறார்களாம். வரைபடம் 50 வருடமாக ஆல்ஃபா சென்டாரியில் பார்வைக்கு இருந்ததே, வந்து பார்க்காதது உங்கள் தப்பு என்கிறார்கள். சுமார் 4 ஒளியாண்டு தூரம்! இரண்டு நிமிடத்துக்குள் பூமி இல்லை.

பட்டா, கையகப்படுத்தல், ஆட்சேபணை மனு என்று தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்கிய யாருக்கும் இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது. ஒரு வீட்டுக்கு நடந்ததையே ஒரு கிரகத்துக்கும் நடத்திக் காட்டுகிறார் ஆடம்ஸ், அதே வார்த்தைகளில், அதே அலட்சியத்தோடு. நகைச்சுவையை இவ்வளவு இறுக்கமாகக் கட்டிய முதல் அத்தியாயங்களை நான் அதிகம் படித்ததில்லை.

இப்போது அந்தப் பக்கம். பூமியில் மனிதனைப் போல நடமாடிய வேற்றுக்கிரகத்து நண்பன் ஃபோர்டு பிரிஃபெக்ட் தயவில் ஆர்தர் தப்பித்து வோகன் கப்பலுக்குள் இருக்கிறான். பூமி போய்விட்டது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்க்கிறான். அப்பா அம்மா இல்லை, தங்கச்சி இல்லை. மனதில் எதுவும் அசையவில்லை. இரண்டு நாள் முன்பு சூப்பர்மார்க்கெட் வரிசையில் தனக்கு முன்னால் நின்ற முகம் தெரியாத ஆள் நினைவுக்கு வருகிறான். சுருக்கென்று குத்துகிறது. இங்கிலாந்து இல்லை, நியூயார்க் இல்லை என்று வரிசையாக நினைத்துப் பார்க்கிறான். கடைசியில், இனிமேல் மெக்டொனால்ட்ஸ் ஹாம்பர்கர் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று தோன்றுகிறது. மயங்கி விழுகிறான். ஒரு நொடியில் விழிப்பு வரும்போது அம்மாவுக்காகத் தேம்பிக்கொண்டிருக்கிறான்.

என் அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. உடலை எடுத்தபோதும் நான் அழவில்லை, பதினாறாம் நாள் காரியத்திலும் அழவில்லை. ஒரு மாசம் கழித்து மளிகைக்கடையில் அண்ணாச்சி வழக்கம்போல சுக்குமல்லித் தூள் பொட்டலத்தையும் சேர்த்துக் கட்டினார். எங்கள் வீட்டில் அதைக் குடிப்பவர் அப்பா மட்டும்தான். கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபது வயதில் ஹாம்பர்கர் வரிக்குச் சிரித்தவனுக்கு, அந்த வரியை எழுதியவர் எவ்வளவு தெரிந்து எழுதியிருக்கிறார் என்பது இப்போதுதான் புரிந்தது. ஒரு கிரகத்தின் சாவை மனித மனம் வாங்கிக்கொள்ள முடியாது. ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொள்ளும்.

அதனால்தான் இந்த நாவல்மேல் எனக்கு மனக்குறையும் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்குப் பிறகு, அந்தத் துக்கத்தை ஆடம்ஸ் கிட்டத்தட்ட மறந்தேவிடுகிறார்.

டிரில்லியனைப் பாருங்கள். கணிதமும் வானியற்பியலும் படித்த பெண். பூமி அழிவதற்கு முன்பே ஸபோட் பீபிள்பிராக்ஸ் என்ற இரண்டு தலை ஆசாமியோடு கிளம்பிப் போனதால் உயிரோடு இருக்கிறாள். ஆர்தரைத் தவிர மனிதப் பிறவி என்று மிஞ்சியது அவள் ஒருத்திதான். பூமி இடிந்துவிட்டது என்ற செய்தி அவளுக்கு என்ன செய்தது? நாவலில் அதற்குப் பதில் இல்லை. ஸபோட்டின் கிறுக்குத்தனத்துக்கு நடுவில் கொஞ்சம் நிதானமாகப் பேசுவதுதான் அவள் வேலை. அதே நாவலில் ஒரு திமிங்கிலம் வருகிறது. ஆர்தரும் பிறகு வந்து சேரும் ஸபோட்டின் கப்பலைத் தாக்க வந்த ஏவுகணை நடு வானத்தில் திடீரென்று திமிங்கிலமாக மாறி, கீழே விழும் சில நிமிடங்களுக்குள் தன் வாலுக்குப் பெயர் வைக்கிறது, காற்றுக்குப் பெயர் வைக்கிறது, வேகமாக நெருங்கி வரும் தரை தன்னோடு சிநேகமாக இருக்குமா என்று யோசிக்கிறது. அற்புதமான பகுதி. அந்தத் திமிங்கிலத்துக்குக் கொடுத்த மனதில் பாதியை டிரில்லியனுக்குக் கொடுத்திருக்கலாம்.

கிரகங்களையே செய்து விற்கும் மாக்ரதீயா கிரகத்தில் வேறொரு வாய்ப்பும் நழுவுகிறது. அங்கே இரண்டாவது பூமி ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. ஸ்லார்ட்டிபார்ட்ஃபாஸ்ட் என்ற முதியவர் ஆர்தரைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார். நார்வேயின் கடற்கரை வளைவுகளைச் செதுக்கி விருது வாங்கியவர் அவர். அந்த ஆளின் தொழில் பெருமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் தொலைந்துபோன வீடு திரும்பக் கட்டப்படுவதைப் பார்க்கும் ஆர்தரின் நெஞ்சுக்குள் ஆசிரியர் நுழைவதே இல்லை. விளக்கம் விளக்கமாக வந்துகொண்டிருக்கிறது. பூமி ஒரு கணினி, அதைச் செய்யச் சொல்லிக் காசு கொடுத்தவர்கள் எலிகள், வேலை முடிய 5 நிமிடம் இருக்கும்போது வோகன்கள் இடித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து சொல்கிறார்.

இதற்குக் காரணம் புத்தகம் பிறந்த விதம். 1978இல் பிபிசி ரேடியோ 4இல் தொடர் நாடகமாக வந்ததைத்தான் 1979இல் நாவலாக்கினார். முதல் நான்கு பகுதிகளின் கதைதான் இதில் இருக்கிறது. வானொலியில் குரல்தான் எல்லாம். கதைக்குள் வரும், நாவலின் அதே பெயர் கொண்ட வழிகாட்டி நூலின் குரல் இடையில் புகுந்து, காதில் போட்டால் எந்த மொழியும் புரியவைக்கும் பேபல் மீனைப் பற்றியோ துண்டின் பயன்களைப் பற்றியோ பேசும்போது அந்தப் பலம் முழுதாகத் தெரிகிறது. பலவீனமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது: அடுத்த வாரம் வரைக்கும் இழுக்க ஒரு ஆபத்து, பிறகு ஒரு தற்செயல். சாத்தியமே இல்லாததை நடத்திக்காட்டும் எந்திரத்தைக் கப்பலில் பொருத்தி, தற்செயலையே கதையின் எரிபொருளாக்கியது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் எதுவும் நடக்கலாம் என்றால் யாருக்காகப் பதறுவது? முடிவும் அறுந்து தொங்குகிறது. கெடு தாண்டித் தாண்டிப் போனதால், எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தை முடித்து அப்படியே கொடு என்று பதிப்பகத்தார் கேட்டு வாங்கிக்கொண்டதை ஆடம்ஸே எழுதியிருக்கிறார்.

இணையத்தில் எல்லோரும் கொண்டாடும் 42 எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வாழ்க்கை, பிரபஞ்சம், மற்ற எல்லாவற்றையும் பற்றிய இறுதிக் கேள்விக்கு ஒரு கணினி 75 லட்சம் வருடம் கணக்குப் போட்டுச் சொன்ன விடை அது. கேள்வி என்னவென்றே தெரியாமல் விடையை வாங்கிக்கொண்டு நிற்கிறார்களே, எனக்குப் பிடித்தது அதுதான். சில நகைச்சுவைகள் நம்மை எட்டுவதும் இல்லை. ஃபோர்டு பிரிஃபெக்ட் என்பது இங்கிலாந்தில் ஓடிய ஒரு கார் மாடலின் பெயர் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. மார்வினுக்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. கிரகம் அளவு மூளை இருந்தும் எடுபிடி வேலைக்கு அனுப்பப்படும் ரோபோ. படித்த படிப்புக்கும் பார்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாத எத்தனை பேரை நமக்குத் தெரியும்!

எனக்கு ஒரே ஒரு காட்சி கூடுதலாக வேண்டும். ஆர்தரும் டிரில்லியனும் முதலில் சந்தித்தது லண்டனில், இஸ்லிங்டன் பகுதியில் நடந்த ஒரு விருந்தில். கப்பலில் தேநீர் கேட்டால் தேநீர் மாதிரியே இல்லாத ஏதோ ஒரு திரவத்தைக் கொடுக்கும் எந்திரம் ஒன்று இருக்கிறது. அந்தக் கோப்பைகளைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் ஒரு ராத்திரி உட்கார்ந்து, அந்த விருந்து நடந்த வீட்டுக்கு எந்தத் தெரு வழியாகப் போனோம், முனையில் என்ன கடை இருந்தது என்று பேசிக்கொண்டிருந்திருக்கலாம்.