“ஒப்புதல் கொடுத்தாச்சுல்ல, அப்புறம் என்ன?”

மரபணு மாற்றப் பயிர் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இரண்டே கட்சிதான். ஒரு பக்கம் “எல்லாம் விஷம்”, இன்னொரு பக்கம் “சோதித்துப் பார்த்துத்தானே ஒப்புதல் கொடுத்தார்கள், அப்புறம் என்ன?” முதல் கட்சியோடு நான் போதுமான அளவு சண்டை போட்டாயிற்று. இன்று இரண்டாவது கட்சியிடம் பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் நானும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒப்புதல் பல நேரம் “சரி, ஆனால்” என்றுதான் வரும். சண்டை முழுக்க அந்த “சரி”யைப் பற்றியே நடக்கிறது, “ஆனால்” என்பதற்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

1998இல் அமெரிக்காவில் ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளத்துக்கு அனுமதி கிடைத்தது. புழுவைக் கொல்ல அதில் வைத்த புரதம் ஆய்வகச் சோதனையில் சீக்கிரம் செரிக்கவில்லை, சூட்டுக்கும் அசையவில்லை, அதனால் ஒவ்வாமை வருமோ என்ற சந்தேகம் தீரவில்லை. சரி, கால்நடைத் தீவனமாக மட்டும் போடுங்கள், மனிதர் சாப்பிட வேண்டாம் என்றார்கள். தாளில் பார்த்தால் கச்சிதம். ஆனால் மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றோடு போகிறது, அறுவடை முடிந்ததும் ஊர்ப்பட்ட பேருடைய சோளம் ஒரே கிடங்கில் கொட்டப்படுகிறது, மணியைக் கையில் எடுத்துப் பார்த்து இது மாட்டுக்கு, இது மனிதனுக்கு என்று எவராலும் பிரிக்க முடியாது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் கடைகளில் விற்ற டாக்கோ ஓடுகளில் (மக்காச்சோள மாவில் செய்யும் மொறுமொறு மெக்சிகோ அப்பம்) அதன் மரபணு சிக்கியது, முந்நூறுக்கு மேற்பட்ட உணவுப் பொருட்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஒவ்வாமை வந்ததாகச் சொன்னவர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் அந்தப் புரதம்தான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை, இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனாலும் “தீவனத்துக்கு மட்டும்” என்ற பாதி அனுமதியை அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையே அத்தோடு கைவிட்டது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதற்கு முன்பே பாடம் கையில் இருந்தது. பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் வைத்துச் சத்தான தீவனம் தயாரிக்க ஒரு நிறுவனம் முயன்றது. பிரேசில் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தத்தில் சோதித்தால் இந்தச் சோயாவுக்கும் அதே எதிர்வினை. தீவனச் சோயா மனிதர் உணவில் கலக்காது என்று உறுதி சொல்ல முடியாததால், சந்தைக்கு வராமலே திட்டத்தை மூடிவிட்டார்கள், 1996இல் அந்த ஆய்வும் வெளியாகிவிட்டது.

சரி, அது சாப்பாட்டு விஷயம். எனக்கு அதைவிட உறுத்துவது பருத்தி. 2002இல் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு, அதாவது ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவை வைத்து, காய்ப்புழுவைக் கொல்லும் நச்சைச் செடியே தயாரிக்கும்படி செய்த பருத்திக்கு, அனுமதி கொடுத்தபோது, வயலைச் சுற்றி ஐந்து வரிசை அல்லது 20 சதவீத நிலம், இதில் எது அதிகமோ அந்த அளவுக்குச் சாதாப் பருத்தி போட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. காரணம் நல்ல காரணம்தான். நச்சைத் தாங்கிப் பிழைத்த ஒன்றிரண்டு புழுக்கள் அந்துப்பூச்சியாகி, சாதாச் செடியில் வளர்ந்த பூச்சிகளோடு சேர்ந்தால், பிறக்கும் புழுவுக்கு அந்தத் தாங்கும் சக்தி பெரும்பாலும் இருக்காது. அதற்காக 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதையைத் தனிப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பலர் அந்தச் சின்னப் பையைப் பிரிக்கவே இல்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் போய், ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விட்டுக்கொடு என்றால் யார் கேட்பார்? நானாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். 2010இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நச்சுக்கு அடங்கவில்லை என்று அதை உருவாக்கிய மான்சான்டோ நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டு நச்சு மரபணு வைத்து வந்த அடுத்த விதையும் பல வருஷம் தாங்கவில்லை.

இதே புழு, இதே நச்சு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கதை வேறு. அங்கே சாதாப் பருத்தியை ஒழுங்காகப் போட்டார்கள், பிறகு மலடாக்கிய அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டார்கள், 2018இல் அமெரிக்கப் பருத்தி வயல்களில் இந்தப் புழுவே இல்லை என்று அறிவித்தார்கள். செடியைப் பரிசோதித்த கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியுமா?

அதனால் ஒப்புதல் குழுக்களிடம் எனக்கு ஒரே எதிர்பார்ப்புதான். எலிக்கு எத்தனை நாள் தின்னக் கொடுத்தீர்கள் என்று கேட்கிற அதே கண்டிப்போடு, இந்த நிபந்தனையை யார் செய்வார், அவருக்கு எவ்வளவு நஷ்டம், செய்யாவிட்டால் யாருக்குத் தெரியவரும் என்றும் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் அந்த நிபந்தனை எழுதப்படவே இல்லை என்று வைத்துக்கொண்டு முடிவெடுக்கட்டும், அது மறுப்பாக இருந்தாலும் சரி.

விவசாயி தனியாக எதுவும் செய்யாமலே நிபந்தனையின் நோக்கம் நிறைவேற முடியும் என்பதற்குச் சீனாவின் யாங்சி ஆற்றுச் சமவெளியில் நடந்ததைப் பாருங்கள். பி.டி. பருத்தியையும் சாதாப் பருத்தியையும் கலப்பினம் செய்து, அதன் அடுத்த தலைமுறை விதையை விற்றார்கள், விவசாயிகளும் விலை மலிவு என்று வாங்கினார்கள். அந்த விதையில் நாலில் ஒரு செடிக்கு நச்சு கிடையாது. தனிப் பையும் இல்லை, ஐந்து வரிசைக் கணக்கும் இல்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பெரும்பாலும் ஒரே காய்க்குள்ளேயே கிடக்கும் ரகம் என்பதால் கலந்து விதைத்தது எடுபட்டது, அங்கே தலைதூக்க ஆரம்பித்திருந்த தாங்கும் சக்தி திரும்பக் குறைந்துபோனது.