குலுக்கலைக் குறைக்கச் சொன்னா ஸ்பிரிங்குல ரப்பர சொருகி அனுப்புறீங்களேய்யா!

மூணு தடவ சொன்னேன். கார் ஒர்க்‌ஷாப் கவுண்டர்ல சொன்னேன், ஜாப் கார்டுல எழுத வெச்சேன், வண்டிய லிஃப்ட்ல ஏத்துறப்ப பக்கத்துலயே நின்னும் சொன்னேன். "சஸ்பென்ஷன் ரொம்ப கெட்டியா இருக்கு, குலுக்கல் குறையணும், அம்மாவுக்கு முதுகெலும்புல டிஸ்க் பிரச்சனை." சாயங்காலம் போய்ப் பார்த்தா நாலு ஸ்பிரிங்குலயும் ரப்பர் பஃபர சொருகி வெச்சிருக்காங்க. 4,800 ரூபா பில்லு வேற.

"வண்டி இப்ப எப்படி நிமிந்து நிக்குது பாருண்ணா"ன்றான் அந்தப் பையன். நிக்க வைக்கவாடா கொண்டாந்து விட்டேன்?

ஸ்பிரிங்குக்கு இருக்கிறது ஒரே வேலை. அமுங்கணும், திரும்பி எழணும். எல்லா சுத்தும் கொஞ்சம் கொஞ்சமா அமுங்குனாதான் பள்ளத்தோட அடி உள்ள வராது. நடுவுல ரப்பர அடைச்சா அந்த சுத்து செத்துப்போச்சு. வேலை செய்யிற சுத்து குறையக் குறைய ஸ்பிரிங் இன்னும் கெட்டியாகும். தொங்கிப்போன பழைய வண்டிக்கு, லோடு அடிக்கிற வண்டிக்கு வெச்சாலாச்சும் புரிஞ்சிக்கலாம். இது பொறக்கும்போதே குட்டையா, கெட்டியா பொறந்த ஸ்போர்ட்ஸ் கார்யா!

நான் கேட்டது டயர். இதுல 225/40 ஆர்18 ரன்-ஃபிளாட் கிடக்கு; அதாவது 225 மில்லிமீட்டர் அகலம், அதுல 40 சதவீதம் பக்கச் சுவர் உயரம், 18 இஞ்ச் வீல். காத்தே இல்லன்னாலும் 80 கிலோமீட்டர் வேகத்துல 80 கிலோமீட்டர் தூரம் வண்டியத் தாங்கணும்னு பக்கச் சுவர விறைப்பா செய்யிற டயர் அது. அந்தச் சுவரும் 90 மில்லிமீட்டர்தான். 16 இஞ்ச் வீலுக்கு மாறி 205/55ல சாதா டயர் போட்டா சுவர் 113 மில்லிமீட்டர் வரும், மொத்த உயரம் அஞ்சு மில்லிமீட்டர்தான் குறையும், ஸ்பீடோமீட்டர் கூட ஏமாறாது. பிரேக்கக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் சின்ன வீல்ல இடிக்குதான்னு மட்டும் பாருங்க, ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் நான் வாங்கி வெச்சிக்கிறேன்னு பேப்பர்ல எழுதியே குடுத்தேன். "சின்ன வீலு போட்டா கெத்து போய்டும்ணா"ன்னுட்டான். எங்க அம்மா முதுக விட உனக்கு கெத்து பெருசா?

சண்டை போடக்கூட நேரமில்ல. காட்பாடி ஜங்ஷன்ல அம்மா வந்து இறங்கிட்டாங்க. முன் சீட்டுல ஏறினதுமே "என் தலகாணி எங்க நைனா?"ன்னாங்க. பின் சீட்டுல தேடினேன், இல்ல. வீட்டுல கிடக்கும்னு நினைச்சு கிளம்பிட்டேன்.

விருதம்பட்டு தாண்டி பாலாத்துப் பாலம். ஒவ்வொரு இணைப்பு வர்றப்பவும் முதுகுல குத்து விட்ட மாதிரி ஒரு அடி. தக். தக். தக். அம்மா ஒரு வார்த்தை பேசல. கதவுக்கு மேல இருக்கிற கைப்பிடிய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு, அடி வர்றதுக்கு முன்னாடியே கண்ண மூடிக்கிறாங்க. நான் ரோட்டப் பாப்பனா, அவங்க முகத்தப் பாப்பனா? கிரீன் சர்க்கிள்ல சிக்னல் விழுந்தப்பதான் மூச்சு விட்டாங்க. கோட்டைய தாண்டி ஓட்டேரி வர்றதுக்குள்ள 20ல உருட்டுறேன், பின்னாடி பஸ்காரன் ஹாரன்ல கைய வெச்சா எடுக்க மாட்டேன்றான்.

அப்புறம் எங்க தெரு வேகத்தடை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதியில தெளிவா இருக்கு: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கிலோமீட்டர் வேகத்துல அலுங்காம ஏறி இறங்கணும். எங்க தெருவுல இருக்கிறது ஒரு முழம் கூட அகலம் இல்ல. பெயின்டும் இல்ல, போர்டும் இல்ல, கருப்பு ரோட்டுல கருப்பு மேடு. குறுக்கா திருப்பி ஒவ்வொரு சக்கரமா ஏத்தினேன். அப்படியும் நாலாவது சக்கரம் இறங்கும்போது அம்மா வாயிலருந்து "அம்மா"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அது இன்னும் என் காதுலயே இருக்கு.

வீட்டுக்கு வந்து டயர்ல கேஜ் வெச்சு காத்தழுத்தம் பார்த்தா 40 பிஎஸ்ஐ. கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல 33ன்னு அச்சடிச்சிருக்கு. கதவத் தொறந்தா கண்ணு முன்னாடி நிக்கிற நம்பர்! அதப் படிக்க என்ன கேடு? ராத்திரியோட ராத்திரியா காத்த இறக்கிட்டேன். நாளைக்கு அந்த நாலு ரப்பரையும் புடுங்க வேற கடைக்குப் போகணும், அதுக்குக் கூலி தனி. போட்ட பஃபர திருப்பி எடுக்க மாட்டாங்களாம், போன்லயே சொல்லிட்டாங்க.

இந்த வண்டி எனக்கு உயிருங்க. அஞ்சு வருஷம் காசு சேத்து, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். ஏலகிரி வளைவுல அது திரும்புற அழகுக்கே வாங்கினேன். அதுலயே எங்க அம்மாவயும் உக்கார வெச்சு ஓட்டணும்னு நினைச்சேன். அவ்ளோதான் கேட்டேன்.

கடைசியா டிக்கியத் தொறந்தேன். நீலப்பூ போட்ட உறையோட அம்மா தலகாணி அங்க சுருண்டு கிடக்கு. உறை முழுக்க கிரீஸ், நடுவுல ரெண்டு முட்டிக்கால் தடம். அத கீழ போட்டு, அது மேல மண்டி போட்டு உக்காந்துதான்யா பஃபர சொருகியிருக்கானுங்க! அந்த உறை அம்மா தன் கையால தெச்சது.