சூசன் பாயிலின் குரல் அன்று ராத்திரி முளைத்ததில்லை

நேற்று ஒருவர் மறுபடியும் அதே வீடியோவைப் பகிர்ந்திருக்கிறார்: ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயில் டிவி போட்டியில் பாடியது. அதே தலைப்பு: "ஒரே இரவில் உலகப் புகழ்!" போதாததற்கு, "இந்த முகத்துக்குள்ளே இப்படியொரு குரலா" என்று ஒரு வியப்பு வேறு. பகிர்ந்தவர் பெயர் வேண்டாம்.

'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்' என்ற பிரிட்டிஷ் திறமைப் போட்டி நிகழ்ச்சியில் அந்தப் பாட்டு ஒளிபரப்பானது 2009 ஏப்ரல் 11. கிளாஸ்கோவில் பதிவானதோ ஜனவரியில். நடுவில் எடிட்டிங் மேசை என்று ஒன்று இருக்கிறது சாமி! பார்வையாளர் வரிசையில் ஏளனமாகக் கண்ணை உருட்டும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பாட்டுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பதெல்லாம் அங்கே முடிவாவது. முதலில் உங்களை இளக்காரமாகச் சிரிக்க வைக்க வேண்டும். அப்போதுதான் முதல் வரியில் உங்களுக்குப் புல்லரிக்கும்.

குரல் மட்டும் அன்று வந்ததில்லை. 1999-லேயே ஒரு தொண்டு சிடிக்காக 'க்ரை மீ எ ரிவர்' பாடிப் பதிவு செய்தவர் அவர். முறையாகக் குரல் பயிற்சி எடுத்தவர். அப்போது கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அன்று அவர் மேடையில் பாடிய 'ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்' கீழ் ஸ்தாயியில் அடக்கமாகத் தொடங்கி மேலே ஏறுகிற பாட்டு. பதற்றத்தில் மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டால் கீழ்ச்சுரம் காற்றாகிவிடும். அதை ஈடுகட்ட அழுத்தினால், மேலே போகும்போது தொண்டை இறுகிச் சுருதி விலகும். அதோடு முதல் வரியிலேயே அரங்கம் கத்தத் தொடங்கிவிட்டது. அந்த இரைச்சலில் டிராக், அதாவது பின்னணி இசை, காதில் சரியாக விழாது. பழகாதவர்கள் தாளத்தை முந்தி ஓடிவிடுவார்கள். அவர் ஓடவில்லை. இது அதிசயம் இல்லை ஐயா, பயிற்சி.

"டிவி இல்லையென்றால் யாருக்குத் தெரிந்திருக்கும்?" என்பீர்கள். சரி, தெரிந்திருக்காது. கடை திறந்ததற்கு நன்றி, சரக்கு அவருடையது. "பாராட்டத்தானே செய்தோம்?" என்பவர்களுக்கு: எதைப் பாராட்டினீர்கள்? 47 வயசுப் பெண்மணி, புருவம் திருத்தாதவர், இவருக்குப் பாட வருமா என்ற உங்கள் சந்தேகம் பொய்த்துப் போனதைத்தானே? தொண்டைக்கும் தலைமுடிக்கும் எந்த நரம்பு வழியாகத் தொடர்பு என்று யாராவது விளக்கினால் தேவலை.

மே 30 இறுதிப்போட்டியில் 'டைவர்சிட்டி' நடனக் குழு ஜெயித்தது, இவர் இரண்டாமிடம். மறுநாளே உடலும் மனமும் களைத்துப்போய் மருத்துவமனை. 'ஒரே இரவு' ரசிகர்கள் யாரும் அந்த இரவைப் பற்றி எழுதிப் பார்த்ததில்லை. நவம்பரில் வந்த ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்ததும் மறுபடி "அதிசயம்"!

அந்த 1999 பதிவு இணையத்தில் கிடைக்கிறது. முகமே தெரியாது, குரல் மட்டும்தான். கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.