திலாப்பியா ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்ட மீன் அல்ல

உன்னிச்சைக் குளத்திலும் அம்பாறையின் சேனாநாயக்க சமுத்திரத்திலும் பிடிபடும் திலாப்பியா, ஆய்வுகூடத்தில் மனிதரால் உருவாக்கப்பட்ட மீன் என்றும் இயற்கையில் அதற்கு இடமே இல்லை என்றும் கைபேசிகளில் பரவும் செய்தி பொய்யானது.

நம் குளங்களுக்கு முதலில் வந்த மொசாம்பிக் திலாப்பியா, தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆறுகளில் இயல்பாகவே வாழும் இனம். 1952ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் வந்த நைல் திலாப்பியாவோ பண்டைய எகிப்தியரின் கல்லறை ஓவியங்களிலேயே காணப்படுகிறது. ஆண் மீன் குளத்தடியில் குழி பறிக்க, அதில் இட்ட முட்டைகளைப் பெண் மீன் வாயில் அள்ளி வைத்துப் பொரிக்கும். பொரித்த குஞ்சுகளும் ஆபத்து நேர்ந்தால் தாயின் வாய்க்குள்ளேயே திரும்ப ஓடிப் புகுந்துகொள்ளும். இந்தப் பராமரிப்பினால்தான் அது குளங்களில் தானாகவே பெருகுகிறது. உவர்ப்பைத் தாங்குவதால் மட்டக்களப்பு வாவி போன்ற களப்புகளிலும் அதனால் வாழ முடிகிறது.

சில பண்ணைகளில் குஞ்சுகளின் தீவனத்தில் ஹார்மோன் கலந்து அவற்றை ஆண் மீன்களாக வளர்ப்பதுண்டு. வதந்திக்கு இது காரணமாக இருக்கலாம். ஆயினும் அதனால் புதிய இனம் எதுவும் உருவாவதில்லை. வெளிநாட்டு மீன் என்பதால் உள்ளூர் இனங்களுக்குப் போட்டியாகும் என்ற கவலை நியாயமானது. அது தனியே பேசப்பட வேண்டிய விடயம்.