விரல் நுனியில் ஊசி குத்தினால் பக்கவாதம் தீராது

‘பக்கவாதம் வந்தவரை அசைக்காதீர்கள். பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் வரவழைத்தால் சரியாகிவிடும்.’ அம்பாசமுத்திரம் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழு ஒன்றில் போன வாரம் இது மறுபடி சுற்றியது. தவறு.

பெரும்பாலான பக்கவாதம் மூளை ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைப்பதால் வருகிறது. சிலருக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசியும். விரலில் வடியும் நாலு சொட்டு இரண்டுக்கும் உதவாது. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. ஊசி தேடும் நேரம் அதில் போகிறது.

அடைப்பா, கசிவா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல மருத்துவராலும் முடியாது. சிடி ஸ்கேன் வேண்டும். அடைப்பு என்றால், தகுதியானவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து. அதை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவில் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடலாம். ஆகவே வீட்டில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் புரையேறும் என்பதால் தண்ணீரும் காபியும் வேண்டாம்.

வாய் கோணுகிறதா, ஒரு கை தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.