களி தின்றதைக் கஷ்டம் என்று எழுதியவள் சொல்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில், கல்லூரி விண்ணப்பத்துக்குக் கட்டுரை எழுத நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முகாம் ஒன்று நடந்தது. அங்கே பயிற்சியாளர் ஒரு பெண்ணிடம் நடந்துகொண்டது தப்பு என்று நான் நான்கு வரிதான் எழுதினேன். அதற்கே இத்தனை பேருக்குக் கோபம் வரும் என்று நினைக்கவில்லை. கமெண்டில் திட்டியவர்களை விடுங்கள். போன் செய்து பேசிய மூன்று பேரில் ஒருவர் எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர். "நல்லது செய்ய வர்றவங்களையும் இப்படிப் பேசி விரட்டிட்டா நம்ம புள்ளைங்களுக்கு யாரும்மா இருக்கா?" என்று கேட்டார். சார் அப்படிக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

அன்று அங்கே இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். மாங்கன்று ஒட்டுக்கட்டுவதைப் பற்றி ஒரு பெண் எழுதியிருந்த கட்டுரையைப் பயிற்சியாளர் பாதி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல போராட்டமே இல்லையேம்மா" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் எதுவும் எழுதியிருக்க மாட்டேன். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையில், "அப்பா என்ன பண்றார்? குடிப்பாரா?" என்று கேட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அதை எழுது, அதுதான் உன் கதை" என்றார்.

நான் சொல்வது ஒன்றுதான். வீட்டுத் துக்கத்தை எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது அந்தப் பிள்ளை. அதைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை கிடையாது. ஒரு சீட்டுக்காகக்கூடக் கிடையாது.

அந்தக் கட்டுரையை நான் முழுசாகப் படித்தேன். அவள் அம்மா சந்தூர் பக்கம் ஒரு நர்சரியில் ஒட்டுக்கட்டும் வேலைக்குப் போகிறார். லீவு நாட்களில் இவளும் கூடப் போவாள். மாங்கூழ் ஆலையிலிருந்து வரும் கொட்டையை முளைக்கவைத்து, அந்தக் கன்றின் தலையைச் சீவிவிட்டு, செந்தூராவோ பெங்களூராவோ ஏதாவது ஒரு மாம்பழ ரகத்தின் குச்சியைச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சை ஓரம் இரண்டிலும் ஒன்றோடொன்று படிந்து நிற்கவேண்டும், கொஞ்சம் விலகினாலும் குச்சி காய்ந்துவிடும் என்று எழுதியிருந்தாள். எது பிடிக்கும் எது பிடிக்காது என்று அம்மாவுக்குக் கட்டும்போதே தெரிந்துவிடுகிறதாம், இவளுக்குத் தெரிவதில்லையாம். அதனால் தான் கட்டிய கன்றுகளுக்கு மட்டும் கலர் நூல் கட்டி, என்றைக்குக் கட்டினேன், குச்சி எவ்வளவு தடிமன், வெயிலா மேகமா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்திருக்கிறாள். இரண்டு சீசனாக.

பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை, யாரும் சொல்லாமல், தானாக ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாள். அதைப் படித்துவிட்டு ஒருவருக்கு அவளுடைய அப்பாவின் வாயை முகர்ந்து பார்க்கத்தான் தோன்றியிருக்கிறது. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கல்லூரிகள் அப்படித்தான் கேட்கின்றன, நாங்கள் என்ன செய்வது" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அப்படிக் கேட்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான காமன் ஆப் படிவத்தில் ஏழு தலைப்பு இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு 650 சொல்லுக்குள் எழுதவேண்டும். அந்த ஏழில் ஒன்றுதான் நீ சந்தித்த தடை, தோல்வி பற்றிக் கேட்பது. இன்னொன்று, நேரம் போவதே தெரியாமல் உன்னை இழுத்துவைத்துக்கொள்கிற விஷயம் எது என்று கேட்கிறது. ஒட்டுக்கட்டுகிற பெண்ணுக்கென்றே வைத்த மாதிரி இருக்கிறது அது. ஏழாவது, உனக்கு எது வேண்டுமோ அதை எழுது என்கிறது. வீட்டு நிலைமையால் படிப்பு பாதித்திருந்தால் சொல்வதற்கு அதே படிவத்தில் வேறு இடம் இருக்கிறது, விருப்பப்பட்டால் நிரப்பலாம், இல்லாவிட்டால் காலியாக விடலாம். வருமானத்தைச் சொல்லப் பல கல்லூரிகள் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்று தனிப் படிவமே வாங்குகின்றன. பள்ளியிலிருந்து ஒரு கடிதமும் போகிறது. இவ்வளவும் இருக்கும்போது அந்த 650 சொல்லையும் அப்பாவின் குடிக்குக் கொடு என்று அவளிடம் கேட்டது எந்தக் கல்லூரியும் இல்லை. நாம் கேட்டோம்.

அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமானது. "ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி இங்கெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளையின் பணவசதியைப் பார்க்காமல் சேர்த்து, தேவைப்படும் பணத்தையும் தருகிறார்கள். இந்தியாவிலேயே அசோகா பல்கலைக்கழகம் மாதிரி இடங்களிலும் கட்டுரை கேட்டு, உதவித்தொகையும் தருகிறார்கள். ஒரு கூச்சத்துக்காக அந்த வாழ்க்கையையே விடச் சொல்வீர்களா?" சரி, நியாயமான கேள்விதான். என்னிடம் இதற்கு முழுப் பதில் இல்லை. நான் பட்டது மட்டும்தான் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

2009-ல் மேற்படிப்புக்காக ஒரு உதவித்தொகைக்கு நான் கட்டுரை எழுதினேன். யார் கொடுத்தது என்பது இங்கே வேண்டாம். வழிகாட்டியாக வந்த ஒரு அக்கா மிகவும் அன்பானவர், இன்றுவரை எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. நான் முதலில் எழுதிக்கொண்டு போனது பாலக்கோடு தக்காளி மண்டியைப் பற்றி. காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை ஏன் வருகிறது என்று எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு குடைச்சல். பொருளாதாரம் படிக்க ஆசைப்பட்டதே அதனால்தான். அக்கா படித்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா இதுல நீ எங்க இருக்க?" என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த ஊர், என்ன சாப்பிடுவீர்கள், அப்பா எங்கே. அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மாசம் ஒருமுறை வருவார். எங்கள் ஊர்த் தண்ணீரில் புளோரைடு அதிகம், என் பல்லில் இன்றைக்கும் கறை இருக்கிறது. பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது 2013-ல், எனக்குப் பல் முளைத்து வெகுகாலம் கழித்து. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் பின்தங்கிய மாவட்டம் என்ற பெயர் எங்கள் தருமபுரியைவிட்டுப் போகவில்லை. இவ்வளவும் அக்காவின் நோட்டில் ஏறியது. "உங்க பக்கம் பொம்பளப் புள்ளய கொன்னுடுவாங்களாமே, அதுல தப்பிச்சவன்னு ஆரம்பிக்கலாமா?" என்றும் கேட்டார். என்னைத் தூக்கி வளர்த்தது என் பாட்டி. அதை மட்டும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒன்றுக்காவது அன்றைக்கு வாய் வந்தது.

மற்றதெல்லாம் எழுதினேன். மூன்று வேளையும் ராகிக்களியைத் தவிர வேறு எதுவும் பார்த்ததில்லை என்று எழுதினேன். அம்மா சாப்பிடாமல் எனக்குப் போட்டதாக எழுதினேன். பல் கறையால் சிரிப்பதையே விட்டுவிட்டேன் என்று எழுதினேன். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தக் கறை உண்டு, நாங்கள் யாரும் சிரிப்பதை விட்டதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் படிக்க அது அழகாக இருந்தது.

உதவித்தொகை கிடைத்தது. அடுத்த வருஷம் அந்தக் கட்டுரையை என் போட்டோவோடு அவர்களுடைய புத்தகத்தில் போட்டார்கள். நான் பெருமையாக வீட்டுக்கு எடுத்துப்போனேன். என் சித்தப்பா மகன் அதை வாங்கி, எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். அம்மா அடுப்படியில் இருந்தார். வெளியே வரவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் கேட்டார். "களி தின்னதப் போயி கஷ்டம்னு எழுதியிருக்கியே, உன்ன நான் பட்டினியா போட்டேன்?"

எங்கள் வீட்டில் களிக்கு அவரைக்கொட்டைக் குழம்பு வைப்பார் அம்மா. அந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தட்டோடு வருவார்கள். ராகி எங்கள் சொந்தக் காட்டில் விளைந்தது. கட்டி இல்லாமல் கிண்டுவதில் அம்மாவுக்கு ஒரு கர்வமே உண்டு. அதை நான் பஞ்சத்துச் சோறாக்கி அச்சில் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போனால் அம்மா களி கிண்டுவதில்லை. "அரிசிச் சோறே சாப்பிடு" என்கிறார். கோபமாகக்கூடச் சொல்வதில்லை.

"ஆனால் அதனால்தானே நீ படித்தாய், வேலைக்குப் போனாய், இன்று இங்கே உட்கார்ந்து எழுதுகிறாய்" என்று கேட்பீர்கள். ஆமாம். அதனால்தான் படித்தேன். அதைச் சொல்லி என் வாயை அடைக்க முடியும் என்று எனக்கும் தெரியும். தக்காளி மண்டிக் கட்டுரைக்கு அந்த இடம் கிடைத்திருக்குமா என்று நான் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அதை அனுப்பிப் பார்க்கவே இல்லை. இனி தெரியப்போவதும் இல்லை.

பயிற்சியாளர் சொந்தக் காசில் பெங்களூரிலிருந்து வந்தார், ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார் என்கிறீர்கள். உண்மை, அதற்கு நன்றி. நன்றி சொன்ன கையோடு, நாற்பது பேர் முன்னால் ஒரு பெண்ணிடம் உன் அப்பா குடிப்பாரா என்று கேட்டது தப்பு என்றும் சொல்வேன். அவர் இருக்கும் அடுக்குமாடியில், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்பாரா? கேட்கமாட்டார். அங்கே அந்தப் பிள்ளை பியானோ வாசிப்பதை எழுதலாம், ரோபோ செய்ததை எழுதலாம், அதில் போராட்டம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஆர்வம் இருக்கக்கூடாது, கஷ்டம்தான் இருக்கவேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில் இந்தக் கட்டுரை, குணநலன், நேர்காணல் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை தேடிப் படித்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் ஹார்வர்டில் முக்கியமாக நுழைவுத் தேர்வுதான். அதில் தேறி வரும் யூதப் பிள்ளைகள் அதிகமானபோது, 1922-ல் அதன் தலைவராக இருந்த லாரன்ஸ் லோவல் அவர்களுக்கு ஒரு வரம்பு வைக்கப் பார்த்தார். நேரடி வரம்புக்கு எதிர்ப்பு வந்தது. அதன்பிறகு சில வருஷத்துக்குள் குணநலன், புகைப்படம் என்று மார்க்குக்கு வெளியே பார்க்கும் முறை வந்து உட்கார்ந்துகொண்டது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று ஒரு பிள்ளை கட்டுரையில் எழுதினால் அதைப் பார்க்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆக, பட்ட அடியைத் தானே எடுத்துச் சொல்லும் பாரம் அங்கேயும் பிள்ளைகளின் தலையில்தான்.

எனக்கு மார்க் முறைமேல் ஆயிரம் வருத்தம் உண்டு. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங், மெடிக்கலுக்கு 1984-ல் நுழைவுத் தேர்வு வந்ததும் 2007-ல் அது போனதும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று தனியாகவே எழுதலாம். ஆனால் ஒன்று. இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் 200-க்கு இத்தனை கட் ஆஃப் என்றால் இத்தனைதான். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தேன் என்று சான்றிதழ் கொடுத்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அது போதும். உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று அந்தக் கவுன்சலிங் திரை கேட்பதில்லை. அம்மா மனசு நோக யாரும் எதையும் எழுதவேண்டியதில்லை.

சாருக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். நான் யாரையும் விரட்டவில்லை சார். அப்பாவைப் பற்றி எழுதவேண்டும் என்று அவளுக்கே தோன்றி எழுதினால் நானே ராத்திரி உட்கார்ந்து பிழை திருத்திக் கொடுப்பேன். அவளுக்குத் தோன்றவேண்டும்.

அன்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டு வரை அவளோடு நடந்தேன். "அக்கா, அப்பா பத்தி எழுதலன்னா கெடைக்காதா?" என்று கேட்டாள். கிடைக்கும் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியாதும்மா என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள். அப்புறம், கலர் நூல் கட்டிய கன்றுகளில் இந்தத் தடவை எத்தனை பிடித்தது என்பதை ஒரு சின்ன அட்டவணையாகப் போட்டால் கட்டுரையில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டாள்.

அவள் யார், எந்தப் பள்ளி என்று கேட்டு இன்பாக்ஸ் வராதீர்கள், சொல்லமாட்டேன். முகாம் நடத்தியவர்கள் போட்ட படங்களில் அவள் முகம் தெரிகிறது. கீழே "தடைகளைத் தாண்டி" என்று எழுதியிருக்கிறார்கள். எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன். அவள் அப்பாவின் கையிலும் போன் இருக்கிறது. இதைப் படித்தால் இன்றைக்காவது எடுத்துவிடுங்கள்.