அது தட்டச்சுப் பிழை அல்ல
"ஒரு புரோகிராமர் தவறாகத் தட்டியதால் ஏரியான் 5 ராக்கெட் வெடித்தது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லைங்க. 1996 ஜூன் 4 அன்று 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் மாற்றும்போது அது கொள்ளாமல் போய், ராக்கெட்டுக்கு வழிகாட்டும் கணினி நின்றது உண்மை. ஆனால் அந்த நிரல் முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-க்காக எழுதப்பட்டது. அதில் சரியாகவே ஓடியது. கணினியின் சுமையைக் குறைக்க, எண் கொள்ளாமல் போனால் சமாளிக்கும் பாதுகாப்பு சில எண்களுக்கு வேண்டாமெனத் தெரிந்தே முடிவெடுத்திருந்தார்கள். ஏரியான் 5-இன் கிடைமட்ட வேகம் அதைவிட மிக அதிகம், அதனால்தான் எண் கொள்ளவில்லை. ஏரியான் 5 பறக்கும் பாதையை வைத்து அந்த நிரலை யாரும் சோதிக்கவில்லை. மாற்றுக் கணினியிலும் அதே நிரல், அதுவும் நின்றது. இதில் கொடுமை, புறப்பட்ட பிறகு ஏரியான் 5-க்கு அந்தக் கணக்கே தேவையில்லை! அதில் ஏற்றியிருந்த 'கிளஸ்டர்' எனும் நான்கு செயற்கைக்கோள்கள் போயின. தயவுசெய்து பழியைத் தனியொருவர் மேல் போடாதீர்கள்; விசாரணைக் குழுவே வடிவமைப்பையும் சோதனையையும்தான் குறை சொன்னது.